யானைப் பக்கம்

சாயங்கால வெயில் ஸ்ரீரங்கத்து நூலகத்தின் ஜன்னல் கம்பிகளுக்கிடையே நுழைந்து, மேசைமேல் விரித்த படப் புத்தகத்தில் விழுகிறது. படத்தில் ஒரு யானை தும்பிக்கையை நீட்டி நிற்கிறது. தும்பிக்கை நுனியில் சாயம் போய், தேங்காயெண்ணெய் ஊறி, காகிதம் கண்ணாடி போலாகிவிட்டது. கோயில் யானையிடம் தலையைக் கொடுத்து ஆசீர்வாதம் வாங்கிப் பழகிய பிள்ளைகள் இதனிடமும் குனிந்து தலை வைத்தால் வேறு எப்படி ஆகும்? நூலகர் சேஷகிரிக்கு அது வெறும் பிசுக்கு. “இன்ஸ்பெக்ஷனுக்கு வர்றவங்க இதைப் பார்த்தா என்னைத்தானே கேப்பாங்க?” என்று ரப்பர் ஸ்டாம்பை ஊதா மையில் அழுத்துகிறார்.

“எங்க அக்காகூட இந்த யானைகிட்டதான் சார் தலை வெச்சா,” என்கிறாள், மேசை விளிம்பைப் பிடித்து நிற்கும் பூக்காரர் மகள் செண்பகம். “அதான் பழசாயிடுச்சுங்கறேன். அலமாரியில புதுசு இருக்கு பாரு.” இருக்கிறது, பூட்டிய கண்ணாடிக்குப் பின்னால், ஒரு பிள்ளையின் மூச்சுகூடப் படாமல். சுத்தமாம்! யாரும் தொடாதது நல்ல புத்தகம், ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் தலை வைத்தது குப்பை என்றால், வாசலில் நூலகம் என்று எதற்குப் பலகை? முத்திரை தும்பிக்கை மேலேயே விழுகிறது: ‘கழிவு, 1961’. அவர் புத்தகத்தை மூடுவதற்குள் செண்பகம் எட்டிக் குனிந்து, யானையிடம் நெற்றியை வைத்து நிமிர்கிறாள். ஈர மை அந்தச் சொல்லை இடம் வலம் மாற்றி அவள் நெற்றியில் ஒட்டியிருக்கிறது.

“ஆசீர்வாதம் பண்ணிடுச்சு சார்,” என்று சிரிக்கிறாள்.