அடைத்த பின்வாசல்

வரப்போரம் வளை தோண்டிக் குடியிருந்த வயலெலிக்குப் பக்கத்து வளைப் பெருச்சாளியைக் கண்டாலே ஆகாது. "அவன் எட்டிப் பாக்குற தினுசே சரியில்ல" என்று, எல்லா எலிகளும் தப்பி ஓட வைத்துக்கொள்ளும் பின்வாசலைக் கல் வைத்து, களிமண் பூசி அடைத்துவிட்டது.

"ஆத்திர அவசரத்துக்கு எப்படிங்க வெளிய போறது?" என்றது பெண்டாட்டி எலி.

"முன்வாசல்லதான் நான் இருக்கேன்ல!"

ஒருநாள் உச்சிவெயிலில் முன்வாசல் வழியாகவே சாரைப்பாம்பு நுழைந்தது. குட்டிகளைக் கவ்விக்கொண்டு இரண்டும் பின்வாசலுக்கு ஓடின. களிமண் காய்ந்து பாறையாகிக் கிடந்தது. அந்தப் பக்கம் யாரோ பிறாண்டினார்கள்.

"பாம்பு உள்ள போனதைப் பாத்தேண்ணே! தள்ளி நில்லுங்க, கல்லைப் பேத்தெடுக்குறேன்!" என்று பெருச்சாளி கத்தியது.

"கல்லு வச்சதுகூட இவனுக்குத் தெரிஞ்சிருக்கு பாரு!" என்று பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டு, கல்லுக்கு முதுகைக் கொடுத்து அழுத்திக்கொண்டது வயலெலி.