மார்ஜரியின் பேச்சு

பாதிரியாரின் மகள் ஹாரியட் ஓர் ஆணின் பெயரில் நாவல் எழுதியிருந்தாள். அந்த ரகசியம் வீட்டு வாசலைத் தாண்டியதில்லை. கதையில் வரும் மேட்டுநிலத்தைப் பார்க்க லண்டனிலிருந்து ஒரு பத்திரிகையாசிரியர் வந்த அன்று, அவள் வேலியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். பக்கத்தில், அடுப்பெரிக்கச் சதுப்புமண் வெட்டிக்கொண்டிருந்த ஜோனாஸுக்கு அவர் அந்த நாவலிலிருந்து ஒரு பக்கத்தை வாசித்துக் காட்டினார். புயலில் புருஷனைத் தேடிப் போகிறவள் காற்றை நிற்கவைத்துத் திட்டுகிற இடம்.

ஜோனாஸ் மண்வெட்டியை நழுவவிட்டான். "ஐயா, இது செத்துப்போன என் பொஞ்சாதி பேச்சு."

வந்தவர் சிரித்தார். "எழுதினவர் பெரிய படிப்பாளியப்பா. உன் பொஞ்சாதி பேச்சை அவர் எங்கே கேட்டார்?"

ஜோனாஸின் முகம் சுருங்கிவிட்டது.

ஹாரியட் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "இவங்க வீட்டு அடுப்படியில கேட்டேன்" என்றாள். புத்தகத்தைக் கையில் வாங்காமலே, அந்தப் பக்கம் முழுவதையும், செத்தவளின் ஏற்ற இறக்கத்தோடு சொல்லி முடித்தாள்.

பத்திரிகையாசிரியர் தொப்பியைக் கழற்றினார். பிறகு குறிப்பேட்டை எடுத்தார்.

"அவ பேரு மார்ஜரி, ஐயா" என்றான் ஜோனாஸ், நிமிர்ந்து நின்று. "அதையும் எழுதிக்கிடுங்க."