புகார் கொடுத்தவர்

"இந்தக் காலத்துல ஆம்பளையா பொம்பளையான்னு சொல்லக்கூட பயப்படறீங்களேம்மா! என்ன பொழப்பு இது?"

அறிவிப்புப் பலகையிலிருந்து உருவிக்கொண்டு வந்த தாளை டைப்பிஸ்டின் மேசைமேல் போட்டார் கொக்கி. வார்ப்புப் பட்டறையில் கிரேன் கொக்கியில் பாரத்தை மாட்டிவிடும் வேலை. எதைச் சொன்னாலும் ஒரு கொக்கி போட்டுக் கேள்வி கேட்கிற குணம். இரண்டுக்கும் சேர்த்து வைத்த பெயர். ஓய்வுக்கு இன்னும் இரண்டே மாதம்.

"ஐயா, போர்டுல இருந்து கிழிச்சிட்டு வரக்கூடாது."

"நான் எங்க கிழிச்சேன்? குண்டூசி துருப்பிடிச்சிருக்கு, தொட்டதும் கையோட வந்துடுச்சு. இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லு."

தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ஆங்கில அறிக்கை. கிரேன் சங்கிலியில் விரிசல் என்று தொலைபேசியில் புகார் வந்தது. சோதித்துப் பார்த்ததில் அது உண்மைதான். புதுச் சங்கிலி வரும்வரை கிரேன் ஓடாது. டைப்பிஸ்ட் வரிவரியாகப் படித்துச் சொன்னாள். கிரேன் நின்றதால் பட்டறையில் பாதிப் பேர் கூலியில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள்.

"அது என்ன, மூச்சுக்கு மூச்சு 'தே', 'தே'ங்குது? அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் நானும் போயிருக்கேன். 'தே'ன்னா 'அவங்க'தானே, எத்தனை பேரு கூடிப் புகார் கொடுத்தாங்க?"

"ஒருத்தர்தான் ஐயா. ஆணா பெண்ணான்னு காட்டாம எழுத இங்கிலீஷ்ல அப்படிப் போடலாம். முன்னாடி எல்லாத்துக்கும் 'ஹி'தான். கிரேன் ஓட்டற அக்கா பிரசவ லீவுல போனப்பகூட, 'அவன் குழந்தை பெற்றதும் வேலைக்குத் திரும்புவான்'னு கடுதாசி போயிருக்கு. அது நியாயமா சொல்லுங்க? நான்தான் தலைமை ஆபீசுக்கு எழுதி எழுதி மாத்த வெச்சேன்."

"நல்லா மாத்தினே போ! பட்டறைக்குள்ள நூத்திப்பத்து ஆம்பளை, ஒரே ஒரு பொம்பளை. ஆம்பளைன்னா எதுக்கு மறைக்கணும், மறைச்சாலே அது மாடிவீட்டம்மாதான்னு பட்டறை முழுக்கப் பேச்சு."

உச்சியில் இருக்கும் கூண்டில் உட்கார்ந்து கிரேன் ஓட்டுகிறவளுக்கு அவர்கள் வைத்த பெயர் அது. நேற்று சாப்பாட்டு மேசையில் அவள் வந்து உட்கார்ந்ததும் ஏழு பேர் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனார்கள். அவளைக் கிரேனிலிருந்து இறக்கிக் கிடங்குக்கு மாற்றும் உத்தரவு, டைப் ஆகி, இந்த மேசைமேலேயே கிடந்தது. நாலு மணிக்கு மேனேஜர் வந்து கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. தன்னைத் தாண்டி மேலே புகார் போனதை அவர் மன்னிக்கிற ஆள் இல்லை.

கொக்கி அந்த உத்தரவை ஒரு பார்வை பார்த்தார்.

"அதான் சொல்றேன். புகார் கொடுத்தது ஆணா பெண்ணான்னு தெளிவா எழுதி ஒட்டு. குழப்பம் தீரட்டும்."

டைப்பிஸ்டுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"நீங்களுமா ஐயா? அந்த அக்காவைக் காட்டிக்கொடுக்கச் சொல்றீங்களா? மேல உட்கார்ந்திருக்கறவங்க கண்ணுலதான் சங்கிலி படும். பயந்து ஒரு போன் பண்ணியிருப்பாங்க. அது ஒரு குத்தமா?"

கொக்கி அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஓகோ. அப்ப நீயும் அவதான்னு முடிவு பண்ணிட்டே."

அவள் அந்த உத்தரவைக் கவிழ்த்து வைத்தாள்.

"எனக்கு... பேரு தெரியாது ஐயா," என்றாள் குரல் இறங்கி. "புகார் நம்பர் மட்டும்தான் எனக்குத் தனியா வரும், போர்டுல அது இருக்காது. புகார் கொடுத்தவங்களே அந்த நம்பரோட வந்து கேட்டாலொழிய ஒரு எழுத்தைக்கூட மாத்த முடியாது. அதுதான் ரூல்."

"ரூலாம் ரூல். ஆளை மறைக்கறேன்னு ஊரையே ஒருத்தி மேல ஏவி விட்டிருக்கீங்க."

"தப்பு ரூல் மேல இல்ல ஐயா, தட்டைத் தூக்கிட்டு எழுந்து போனவங்க மேல."

"பேச்சுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல," என்றபடி சட்டைப்பையைத் துழாவினார் கொக்கி. பீடிக்கட்டு வந்தது, மூக்குக்கண்ணாடி வந்தது, கடைசியில் ஒரு கசங்கிய பஸ் டிக்கெட் வந்தது. அதைத் திருப்பி அறிக்கையின் தலைமாட்டில் வைத்து, நகத்தால் நீவிவிட்டார்.

டிக்கெட்டின் முதுகில், கோணல்மாணலாக ஒரு நாலிலக்க எண். டைப்பிஸ்டுக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து தனியாக வந்திருந்த அதே புகார் எண்.

"சங்கிலி அறுந்தா மேல இருக்கறவளுக்கு என்ன, கீழ நின்னு மாட்டறவன் மண்டையிலதானே விழும்? வாயால சொன்னா அந்தப் பொண்ணுக்காகப் பொய் சொல்றேம்பானுங்க, அதனால தாள்லயே 'ஹி'ன்னு போடு" என்று சொல்லிவிட்டு, ஒத்தை ஆள் எப்படி 'தே' ஆவான் என்று முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கிப் போனார் கொக்கி.