இடப்பக்கம் இழுக்கும் வண்டி

குலுங்கித் தொலைக்கிறதே என்று வந்த பிக்கப் வண்டிக்கு ஷாக் அப்சார்பர், புஷ் எல்லாம் புதுசாக மாற்றி ஓட்டிப் பார்த்த மெக்கானிக்கின் முகம் சுருங்கியது.

“இதுவும் இடப்பக்கம் இழுக்குது. இந்த வாரம் நாலாவது வண்டி! எல்லாம் பேசி வெச்ச மாதிரி!”

ஸ்டியரிங்கைத் தொட்டே வண்டியின் வியாதியைச் சொல்கிறவர். அவர் கை பொய் சொல்லி யாரும் பார்த்ததில்லை.

“தள்ளி உட்காருங்கண்ணே, நான் ஓட்டுறேன்,” என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த டிரைவர். கொஞ்ச தூரம் போனதும் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்தார். வண்டி நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது.

“நல்லாத்தானே போகுது? சும்மா பயமுறுத்துறீங்களே!”

பட்டறைக்குத் திரும்பியதும் டீ வந்தது. யோசனையோடு வாங்கிக்கொண்டார் மெக்கானிக்.

“அண்ணே, கை!” என்று அலறினார் டிரைவர்.

குனிந்து பார்த்தார். இடது கையில் டம்ளர் சரிந்து, கொதிக்கிற டீ விரல்களில் வழிந்துகொண்டிருந்தது.

சுடவே இல்லை.