பிரிக்காத டப்பா

டப்பாவை மேசையின் நடுவில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார் சில்லு. பல் டாக்டரின் வாய் திறந்தது திறந்தபடியே இருந்தது. ஒரு வருடமாகச் சில்லு பார்க்க ஏங்கிய காட்சி அது.

பழைய டிவி கேம் கேசட் சேர்க்கிறவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர், மாதத்தில் ஒரு ஞாயிறு மத்தியானம் டாக்டரின் கிளினிக்கில் கூடுவார்கள். நோயாளிகள் உட்காரும் நாற்காலிகளை வட்டமாகப் போட்டுக்கொண்டு, அந்த மாதம் கிடைத்ததை ஆளாளுக்கு எடுத்துக் காட்டுவார்கள்.

போன வருடம் இதே மேசையில் சில்லு ஒரு பிரிக்காத டப்பாவை மார்தட்டிக்கொண்டு பிரித்தார். உள்ளே கேசட்டின் எடைக்குச் சரியாக ஓர் ஓட்டுச் சில்லு இருந்தது. முதலில் சிரித்தவரும் டாக்டர், 'சில்லு' என்று பெயர் வைத்தவரும் டாக்டர். அன்றிலிருந்து இவருடைய சொந்தப் பெயரை அங்கே யாரும் சொல்வதில்லை. அந்த வயிற்றெரிச்சலில் எத்தனையோ நாள் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

போன வாரம் இந்த டப்பாவின் முன்பக்கத்தை மட்டும் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார். ஒருத்தரும் நம்பவில்லை. இப்போது நம்பித்தான் ஆகவேண்டும்.

"மேல சுத்தின கவர்கூடக் கிழியலையே!" என்றார் டாக்டர். "எங்க புடிச்சீங்க?"

"மூடிப்போன கடையோட குடோன்ல. மூணு நாள் தூசி தின்னேன்."

வீடு மாறுகிறவர்களுக்குச் சாமான் கட்டி ஏற்றிக் கொடுப்பது சில்லுவின் தொழில். கேசட் எங்கே கிடைத்தது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார். அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. கிடைத்த இடத்தை உள்ளபடி சொல்லும் ஏமாளி அந்தக் கூட்டத்திலேயே கிடையாது.

டாக்டர் சாவியும் கையுமாக எழுந்துபோய்த் தன் கண்ணாடி அலமாரியைத் தட்டினார். "முப்பது வருஷமாச் சேத்தது. இருநூத்திப் பதினாலு கேசட். எல்லாத்தையும் அப்படியே எடுத்துக்குங்க, அதைக் குடுத்துடுங்க."

சில்லுவுக்கு உச்சி குளிர்ந்தது. ஆனால் உடனே தலையாட்ட மனசில்லை. "சார்னு கூப்பிட்டுக் கேளுங்க, யோசிக்கிறேன்."

"சார்... குடுத்துடுங்க சார்."

அப்போதுதான் கடைசி நாற்காலியிலிருந்த பெண் வாயைத் திறந்தாள். வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது, அன்றைக்குத்தான் முதல்முறையாக வந்திருந்தாள். காட்ட ஒன்றும் கொண்டுவரவில்லை, சும்மா பார்க்க வந்ததாகச் சொல்லியிருந்தாள்.

"அடியில நீல இங்க் கறை இருக்கே சார், அது எப்படி வந்துச்சு?"

சில்லு டப்பாவைத் தூக்கிப் பார்த்தார். கறை இருந்தது. "குடோன்ல கிடந்தா ஆயிரம் கறை படும்மா."

"அதில்ல சார். உள்ள ஒண்ணுமே இல்லாம இருந்தா என்ன பண்றது?"

"ஒண்ணுமில்லாம எப்படி? சில்லு இருக்குமே!" என்றது ஒரு குரல். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

டாக்டர் அலமாரிச் சாவியைச் சத்தமில்லாமல் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "அந்தப் பொண்ணு சொல்றதும் சரிதான். கவரை யார் வேணா சுத்தலாம்."

"எடை போட்டுப் பாருங்கய்யா!" என்றார் சில்லு.

"அன்னைக்கும் எடை சரியாத்தான் இருந்துச்சு."

மறுபடியும் சிரிப்பு. சில்லுவின் காது மடல் சிவந்தது. ஒரு வருடம் நெஞ்சுக்குள் பொத்தி வைத்திருந்த வன்மம் மொத்தமும் தலைக்கேறியது. "பிரிச்சே காட்டவா?"

"ஐயய்யோ, பிரிச்சா மதிப்பே போயிடும்!" என்று பக்கத்தில் இருந்தவர் பதறினார். பிரிக்காமல் இருந்தால்தான் அது அபூர்வம். பிரித்துவிட்டால் பத்தோடு பதினொன்று.

"பயமா இருந்தா வேணாம் சார்," என்றாள் அந்தப் பெண், ரொம்பப் பணிவாக.

சர்ரென்று கவரைக் கிழித்தார் சில்லு. மூடியைத் திறந்து, பளபளவென்றிருந்த கேசட்டை எடுத்து டாக்டர் முகத்துக்கு நேராக நீட்டினார். "நல்லாப் பாத்துக்குங்க! இனிமே எவனாவது சில்லுன்னு கூப்பிட்டான், நாக்கை இழுத்து வச்சு அறுத்துடுவேன்!"

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அந்த அமைதி சில்லுவுக்குத் தேனாக இனித்தது.

டாக்டர் கேசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "அசலேதான். அவசரப்பட்டுட்டீங்களே சார்! பிரிச்சது என்கிட்டயே ரெண்டு இருக்கு."

சாவி அவர் பையைவிட்டு வெளியே வரவில்லை.

காலடியில் கிடந்த கிழிந்த கவரைக் குனிந்து பொறுக்கினார் சில்லு. அந்தப் பெண் பக்கம் பாய்ந்து திரும்பினார். "உனக்கு என்ன பாவம் பண்ணேன்? முன்னப் பின்ன உன்னைப் பாத்துக்கூட இருக்க மாட்டேனே!"

"என்னைப் பாத்ததில்ல சார்." அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். "போன மாசம் எங்கம்மாவுக்கு வீடு மாத்திக் குடுத்தீங்க. இருபத்தஞ்சு வருஷமா அவங்க பீரோக்குள்ள பூட்டி வச்சிருந்தது இது."

சில்லு டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"காலி டப்பாதாம்மா, குப்பையில போட்டுடறேன்னு அவங்ககிட்ட சொன்னீங்களாமே, அதான் பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."