தெருவே கொடுத்த மின்சாரம்

புயல் கரையைக் கடந்த மறுநாளும் வேதாரண்யத்தில் மின்கம்பங்கள் சாய்ந்தே கிடந்தன. வானம் மூடியிருந்தது. மீன் விற்கும் சிந்தாமணியின் தெருவில் எல்லா வீட்டுக் கூரையிலும் சூரியத் தகடுகள் உண்டு. அவள் வீட்டில், அவை முன்பே சேர்த்து வைத்த மின்சாரம் பேட்டரியில் பாதி மிச்சமிருந்தது. அவளுடைய குளிர்பெட்டி நிறைய இறால் இருந்தது.

அரசு மருத்துவமனை நர்ஸ் போனில் கூப்பிட்டாள். "அக்கா, இங்க பேட்டரி தீரப் போவுது. குறைமாசக் குழந்தைங்க ரெண்டு கண்ணாடிப் பெட்டியில இருக்கு. உங்க தெரு கரண்டைக் குடுப்பீங்களா? உங்க தெருவுலேருந்து ஆஸ்பத்திரிக்கு பூமிக்கடியில வர்ற கேபிள் நல்லாத்தான் இருக்கு."

கணவர் ராசகோபால் குளிர்பெட்டியைப் பார்த்தார். "எறா பூரா கெட்டுப் போயிடுமே."

"கெட்டாக் கெடட்டும். கடல் எங்க போயிடப் போவுது?"

சிந்தாமணி தன் வீட்டு மின்சாரத்தை மருத்துவமனைக்குத் திருப்பிவிட்டு, வீடு வீடாகப் போய்க் கேட்டாள். ஒருவரும் மறுக்கவில்லை. அன்று முழுக்க அந்தத் தெருவில் ஒரு மின்விசிறிகூடச் சுழலவில்லை.

அடுத்த நாள் வெயில் வந்தது. கெட்டுப்போன இறாலைப் புதைத்துவிட்டு அவள் மருத்துவமனைக்குப் போனாள். காவலாளி வாசலில் நிறுத்தி, "குழந்தைங்களுக்கு நீங்க என்ன உறவும்மா?" என்று கேட்டார்.

"எங்க தெரு கரண்டுல மூச்சு விட்ட புள்ளைங்க அதுங்க" என்றாள் சிந்தாமணி, தலை நிமிர்ந்து.

அவர் எழுந்து கதவைத் திறந்துவிட்டார்.