கொம்பன் தேடும் வாசம்

வால்பாறையில் ஒன்பது நாளாக மழை விடவில்லை. இந்த மழையில் எந்த வாசமும் மேலே கிளம்பாது என்று நம்பித்தான் சவரிமுத்து விறகுக்கடியில் ஒரு கேன் பலாச்சாராயத்தை ஒளித்து வைத்திருந்தான். இனிக் குடிப்பதில்லை என்று மாதா கோயிலில் சத்தியம் செய்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

மதியம் தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளில் எல்லாப் போன்களும் ஒரே நேரத்தில் அலறின. முன்பெல்லாம் வனத்துறையிடமிருந்து யானை எங்கே நிற்கிறது என்று மட்டும்தான் செய்தி வரும். இப்போது அது எதற்காக வருகிறது என்பதும் சேர்ந்தே வருகிறது.

‘ஒற்றைக் கொம்பன் புறப்பட்டுவிட்டது. தேடும் வாசம்: பலாச்சாராயம். இடம்: ஏழாம் வீடு.’

ஏழாம் வீடு அவனுடையது. கொழுந்து எடுக்கப் போன மனைவி தெரசம்மாள் மேட்டிலிருந்து இறங்குவதற்குள் தடயத்தை அழித்தாக வேண்டும். கீழே ஊற்றினால் வாசலெல்லாம் மணக்கும். வேறு வழி தெரியாமல் அவ்வளவையும் குடித்துவிட்டு, கேனை மழைத்தண்ணீரில் கழுவிக் கவிழ்த்தான்.

தெரசம்மாள் வந்தபோது அவள் பின்னால் லைனே திரண்டிருந்தது.

“உள்ள போயி நல்லாத் தேடிப் பாரு. ஒண்ணுமே கிடையாது,” என்றான் சவரிமுத்து, கதவைப் பிடித்துக்கொண்டு.

போன்கள் மறுபடி அலறின. ‘வாசம் இடம் மாறியது. தற்போது ஏழாம் வீட்டு வாசலில் நிற்கிறது.’

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். தெரசம்மாள் குடையை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

“ஆனை இடிச்ச செவுரப் போன மாசந்தான் கட்டுனோம். நீங்க அப்படியே காட்டுப் பக்கமா நடங்க.”

அவன் பத்தடி வைத்திருப்பான். மூன்றாவது செய்தி வந்தது.

‘ஏழாம் வீட்டுக்கு ஆபத்து நீங்கியது.’